செங்காய்

தண்டட்டியை அம்மியில் வைத்து அய்யம்மாள் தேய்த்தாள். சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் தேய்த்தாள். ஒரு காதில் தண்டட்டியும் மறு காதில் வெறும் தொளையுமாக ராக்கம்மாள் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பொன்னு உரசுன தண்ணி தொண்டையில எறங்குனாப் பொன்னாசை அத்துப் போகும். அதுக்கு மேல உசுருக்கு இங்கன என்ன வேல?" என்றாள் அய்யம்மாள்.

காமயகவுண்டன்பட்டியில் பிள்ளைப்பேறு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிறந்ததற்குப் பால் புகட்டுகிற சங்கும் சாகிறவனுக்குத் தண்ணீர் விடுகிற சங்கும் அவளிடம் ஒன்றே. கழுவித்தான் வைத்திருப்பாள் என்று நம்ப வேண்டியதுதான்.

கருத்தக்கண்ணனைக் கட்டிலில் இருந்து இறக்கிப் பாயில் போட்டிருந்தார்கள். குமுளி மலைக்கு முப்பது வருஷம் பார வண்டி அடித்தவன். மலைக் காய்ச்சல் வருஷா வருஷம் வரும், போகும். ஈசுவர வருஷம் தை மாதம் வந்த காய்ச்சல் போகவில்லை. வயிற்றில் கட்டி இறுகி, மூன்று நாளாக நினைவு இல்லை. நெஞ்சில் மட்டும் கொரகொரவென்று சத்தம்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றவன் தம்பி சுருளியாண்டி. அண்ணனுக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மகள் மூக்கம்மாள், ஓடைப்பட்டியில் வாக்கப்பட்டவள், வந்துவிட்டாள். கொள்ளி வைக்க வேண்டியவன் சுருளியாண்டிதான். அதனால் மூன்று நாளாக அண்ணன் வீட்டில் நிற்கிறான். நிற்கிறானே தவிர உட்காரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். ஆனாலும் அவன் அந்த வீட்டில் உட்கார்ந்து வருஷம் நாலாகிறது.

சங்கில் எடுத்த பொன் தண்ணீர் உள்ளே இறங்கியது. எல்லோரும் நெஞ்சைப் பார்த்தார்கள். கொரகொர.

"ம்ஹூம்," என்றாள் அய்யம்மாள்.

காலையில் முதலில் மண்ணைக் கரைத்துத்தான் ஊற்றினார்கள். மண்ணாசை என்று ஒன்று உண்டல்லவா. சுருளியாண்டிதான் வயக்காட்டுக்குப் போய் அண்ணன் பங்கில் ஒரு பிடி அள்ளித் துண்டில் முடிந்து கொண்டுவந்தான். அதைக் கரைத்து, துணியில் வடிகட்டி, மூன்று சங்கு ஊற்றினாள். உயிர் அசையவில்லை.

"எந்தப் பக்கத்து மண்ணுலே இது?" என்று அய்யம்மாள் கேட்டாள்.

"அண்ணன் பங்குதான்."

"ஒம் பங்குலயும் ஒரு பிடி அள்ளிட்டு வா. ஒண்ணா இருந்த நெலந்தான? மனசு எந்த வரப்புல நிக்கிதோ."

சுருளியாண்டிக்குச் சுருக்கென்றது. செத்துக்கொண்டிருக்கும்போதும் இவனுக்கு என் பங்கு கேட்கிறதா? போகமாட்டேன் என்று சொல்ல முடியாது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. போனான். ஒரு பிடி கேட்டார்கள். ஒரு சிட்டிகை கொண்டுவந்தான். அதற்கும் பலன் இல்லை. அது அவனுக்கு ஒரு திருப்தியாகத்தான் இருந்தது. என் மண்ணில் இவனுக்கு ஆசை இல்லை, சரி.

இப்போது பொன்னும் இல்லை என்று ஆகிவிட்டது.

அய்யம்மாள் சங்கைக் கீழே வைத்துவிட்டு ராக்கம்மாளை நேராகப் பார்த்தாள். "வேற எதுல ஆசை வச்சிருந்தாக? யோசிச்சுச் சொல்லு ஆத்தா. கூச்சப்படாத. பொம்பளையா இருந்தாலும் சொல்லு. கூட்டிட்டு வந்து மொகத்தக் காட்டிருவோம்."

"அதுக்கெல்லாம் அந்த மனுசனுக்கு ஏது நேரம்?" என்றாள் ராக்கம்மாள். "மாடு, வண்டி. மலைய விட்டு எறங்குனா அந்தச் செடி."

சொன்னவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"செவ்வாக்கெழம நெனவு இருக்கையில கேட்டாக. செங்காய் பழுத்துருச்சான்னு. மொதப் பழம், வெதைக்கு வுடணும்னாக. அதுக்குப் பெறகு பேச்சே இல்ல."

"பெறகென்ன! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? என் முழங்கையே தேஞ்சு போச்சு. ஏய் மூக்கம்மா, போய் அதப் பறிச்சிட்டு வா."

மூக்கம்மாள் கொல்லைப் பக்கம் ஓடினாள். சுருளியாண்டி தலைத்துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். அந்தச் செங்காய் எங்கே இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அது அவன் வீட்டில், கம்புப் பானைக்குள், முழங்கை ஆழத்தில் புதைந்து கிடந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் சீமைத் தக்காளியைக் கண்டவர் இல்லை. மலை மேலே ஒரு துரை பங்களாவில் இருதயம் என்று ஒரு தோட்டக்காரன். அவன்தான் கருத்தக்கண்ணனுக்கு அழுகின பழம் ஒன்றை இலையில் சுற்றிக் கொடுத்தான். கருத்தக்கண்ணன் விதையைச் சாம்பலில் புரட்டி, முறத்தில் காயவைத்து, கொல்லையில் போட்டான். முளைத்தது, பூத்தது, காய்த்தது. பழுத்தபோது யாரும் தொடவில்லை. ரத்தக் கட்டி மாதிரி இருக்கிறது என்றார்கள். கருத்தக்கண்ணன் தெருவில் நின்று கொய்யாப் பழத்தைக் கடிக்கிற மாதிரி கடித்துத் தின்றான். சாகவில்லை. ராக்கம்மாள் புளி இல்லாமல் ரசம் வைத்தாள். மறு வருஷம் ஊரே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வீட்டுக்குத் 'தக்காளி வீடு' என்று பேர் வந்துவிட்டது. சுருளியாண்டியின் வீட்டுக்கு என்ன பேர் வந்தது? 'தக்காளி வீட்டுக்குப் பக்கத்து வீடு.' ஐம்பத்தைந்து வயதில், ஜமுக்காளம் விரித்துப் பஞ்சாயத்துப் பேசுகிற ஆளுக்கு அதுதான் அடையாளம். தபால்காரன்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வந்தான்.

அவனும் விதை கேட்டான். அண்ணன் முறத்தில் பாதியைக் கொடுத்தான். சுருளியாண்டி குழி வெட்டி, ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணியும் கூடை கூடையாகக் கொட்டி, காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் ஊற்றினான். செடி ஆள் உயரம் வளர்ந்தது. இலை கருகருவென்று தழைத்தது. பூ பூத்தது. பூ அத்தனையும் காம்போடு உதிர்ந்தது. ஒரு பிஞ்சு கிடையாது.

பதர் விதையைத் தந்துவிட்டான் என்று சொன்னான். மறு வருஷம் கருத்தக்கண்ணன் முறத்தைச் சுவர் மேல் வைத்து, நடுவில் விரலால் கோடு கிழித்து, "எந்தப் பாதி வேணுமோ எடுத்துக்கலே," என்றான். அண்ணன் பக்கம் இருந்த பாதியைத் தம்பி எடுத்துக்கொண்டான். அந்த வருஷமும் இலைதான்.

அப்போதெல்லாம் கருத்தக்கண்ணன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொல்வான்.

"ஏலே சுருளி, தண்ணிய நிறுத்து. செடி வாடட்டும். வாடுனாத்தான் அதுக்குச் சாவு பயம் வரும், காய் புடிக்கும். நீ ஊட்டி ஊட்டி வளக்குற. அது எதுக்குக் காய்க்கப் போகுது?"

சுருளியாண்டி அதைக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் மூன்று குடமாக ஊற்றினான். வாடவிட்டால் செடி செத்துப் போகும், சாகட்டும் என்றுதானே சொல்கிறான்?

"வெயில் ஏறினப்பெறகு பூக்கொத்த வெரலால சுண்டிவிடுலே. மேல உள்ள கொண்டயக் கிள்ளிப் போடு. வளத்தி நின்னாத்தான் இருக்குற காய் பழுக்கும்."

பூவைச் சுண்டினால் உதிராமல் என்ன செய்யும்? வளருகிற செடியின் தலையை எந்தக் கிறுக்கன் கிள்ளுவான்? தான் மட்டும் காய்க்க வைத்துக்கொண்டு தம்பிக்குக் கோணல் வழி சொல்லித் தருகிறான். சின்ன வயதில் இருந்தே அவனுக்கு அது கைவந்தது. சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்பைத்தான் நம்பக் கூடாது.

சுருளியாண்டி சுண்ணாம்புப் புள்ளி வைத்த சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். பழைய செருப்பைக் கட்டிப் பார்த்தான். செருப்புக்குக் கீழேயும் இலைதான் தழைத்தது.

இந்த வருஷம் அண்ணன் காய்ச்சலில் விழுந்த பிறகு அவன் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. இலை சுருண்டு தொங்கியது. சுருளியாண்டி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த வாடின செடியில் கொத்துக் கொத்தாகக் காய் இறங்கியது. இதைவிட ஒரு மனிதனை எரிய வைக்க வேறு என்ன வேண்டும்? அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வெளுத்து, மஞ்சள் ஓடி, அடியில் சிவப்புக் கட்டியது. அணில் கொத்தாமல் இருக்க ராக்கம்மாள் தன் பழைய கருநீலச் சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அதைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் 'மொதப் பழம் வெதைக்கு' என்று முனகியதை வாசலில் நின்ற சுருளியாண்டியும் கேட்டான். உடனே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சூட்சுமம் முதல் பழத்து விதையில் இருக்கிறது. அதை இவன் வைத்துக்கொண்டு, கடைசிப் பழத்து விதையை முறத்தில் கலந்து எனக்குக் கோடு கிழித்துக் காட்டியிருக்கிறான்.

புதன்கிழமை விடியும்போது, எல்லோரும் நோயாளியைச் சுற்றி இருந்த நேரம், அவன் சுவரைத் தாண்டிப் போய்த் துணியோடு சேர்த்துத் திருகி எடுத்துவிட்டான்.

மூக்கம்மாள் கொல்லையில் இருந்து வெறுங்கையோடு வந்தாள்.

"பழத்தக் காணோம்மா. பச்சைக் காய்தான் இருக்கு. துணியையும் காணோம்."

"அணில் கொண்டு போயிருக்கும்," என்றார் யாரோ.

"அணிலு துணியையும் உடுத்திட்டா போச்சு?" என்றாள் அய்யம்மாள்.

"கொரங்கு வந்திருக்கும்," என்றான் சுருளியாண்டி. "மலையில இருந்து எறங்குதுல்ல?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அவன் பெண்டாட்டி சுப்புத்தாய் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கம்மாளோடு அவளும் கொல்லைக்குப் போய் வந்திருந்தாள். அவள் பார்வையை எடுக்கவில்லை.

"பச்சைக் காயக் கசக்கி ஊத்துவமா?" என்று மூக்கம்மாள் கேட்டாள்.

"பழத்துக்கு ஏங்குறவுக வாயில காயக் குடுத்தா ஏக்கம் தீருமா? இன்னும் நாலு நாளைக்கு இழுக்கும். பாவம்," என்றாள் அய்யம்மாள்.

கொரகொர. அண்ணனின் விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் பாயில் இருந்து எழும்பி எழும்பி இறங்கியது. சின்னப் பிள்ளையில் இருவரும் முல்லையாற்றில் முங்குநீச்சல் போட்டால் அண்ணன்தான் கடைசியாகத் தலை தூக்குவான். எல்லாவற்றிலும் அவனுக்கு மூச்சு அதிகம். கிடக்கட்டும் என்று சுருளியாண்டி நினைத்தான். பிறகு அந்தச் சத்தம் காதுக்குள் போய்க் குடைந்தது. அவன் பேசாமல் எழுந்து... எழுந்தென்ன, நின்றுகொண்டுதானே இருந்தான். திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தான்.

கம்புப் பானைக்குள் கையை விட்டான். கம்பு கதகதவென்று இருந்தது. துணியை அவிழ்த்தான். செங்காய் இல்லை அது. பழம். முழுக்கச் சிவந்து, தொட்டால் அமுங்குகிற பழம். அவன் வீட்டுக்குள் முதன்முதலாகப் பழுத்த தக்காளி.

அரிவாள்மணையில் வைத்துப் பிளந்தான். விதைகளை விரலால் வழித்து, சிரட்டையில் இருந்த சாம்பலில் போட்டான். ஒவ்வொரு அறையாகச் சுரண்டினான். ஒன்றுகூட விடவில்லை.

சுப்புத்தாய் பின்னாலேயே வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

"காம்பப் பாத்தேன். கொரங்கு அப்பிடித் திருகாது," என்றாள்.

"சும்மா இரு."

"அங்கன ஒரு உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இங்கன வெத பொறுக்குறீக."

"சும்மா இருங்கிறேன்ல?"

சதையைப் பித்தளைத் தம்ளரில் பிழிந்தான். துணியைச் சுருட்டி இறவாரத்து ஓலைக்குள் செருகினான். வாசலைத் தாண்டும்போது ஒரு பொய் அவனிடம் தயாராக இருந்தது. சுவரைச் சுற்றி அண்ணன் வீட்டுக்குப் போவதற்குள் அந்தப் பொய் அவனுக்கே பிடித்துப் போய்விட்டது.

"எஞ் செடியில ஒண்ணு பழுத்துக் கெடந்துச்சு. பிழிஞ்சு கொண்டாந்தேன்," என்றான்.

கூட்டம் அவனைப் பார்த்தது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று இரண்டு பேர் வாயைத் துண்டால் பொத்தினார்கள்.

"ஒஞ் செடியிலயா? அந்தக் காட்டுக்குள்ளயா?" என்றாள் அய்யம்மாள்.

"ஏன், எஞ் செடி காய்க்கக் கூடாதா?"

ராக்கம்மாள் கையை நீட்டினாள். தம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள். கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள். அவன் தூணைப் பார்த்தான். சுவரில் ஒரு பல்லி ஓடி நிற்கிற நேரம் இருக்கும். பிறகு அவள் குனிந்து புருஷனின் காதுக்குள் உரக்கச் சொன்னாள்:

"இந்தாக, கேக்குதா? தம்பி செடியில பழுத்துருச்சாம். தம்பியே கொண்டாந்திருக்காக. வாயத் தொறங்க."

சங்கில் ஊற்றி உதட்டில் வைத்தாள். நாக்கு அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மூன்று நாளாக முடிச்சுப் போட்ட மாதிரி இருந்த இமை திறந்தது. அந்தக் கண் ராக்கம்மாளைத் தேடவில்லை, மகளைத் தேடவில்லை.

"ஏலே..."

சுருளியாண்டி முழங்காலை மடித்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"புடிச்சிருச்சாலே?"

"புடிச்சிருச்சுண்ணே."

"தண்ணிய... நிறுத்துனியா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துனேன்," என்றான் சுருளியாண்டி.

கருத்தக்கண்ணனின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. அது சிரிப்பு. சுருளியாண்டிக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு? கடைசியில் ஜெயித்தது அவன்தான். அவன் சொன்ன வழி சரி என்று ஊருக்கு முன்னால் இவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டான். அப்படித்தான் சுருளியாண்டிக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில்கூட.

இரண்டாவது சங்கு உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து, தாடி நரையில் சிவப்பாக இறங்கியது. மூக்கம்மாள் துடைக்கப் போனாள். அய்யம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொரகொர நின்றிருந்தது.

பிறகுதான் அழுகை கிளம்பியது.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். சுருளியாண்டி மீசையை எடுத்துக்கொண்டு, கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் வந்தவர்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

"தம்பி செடி காய்க்கணும்னு உசுரப் புடிச்சு வச்சிருந்திருக்காரு, பாரேன்."

"அண்ணன்னா அப்பிடி இருக்கணும்."

சட்டி கையைச் சுட்டது. அவன் கை மாற்றவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்து, சாம்பலை ஆற்றில் கரைத்து, எரித்த இடத்தைக் கொத்திவிட்டு நவதானியம் தூவினார்கள். தூவுகிற கை சுருளியாண்டியுடையது. மடியில் இருந்த சிரட்டைச் சாம்பலையும் தானியத்தோடு கலந்து தூவினான். அண்ணனுக்குச் சேரட்டும் என்று தூவினானா? இல்லை. அந்த விதையை வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை. சாம்பலோடு சாம்பல்.

விதை போய்விட்டது. பொய் போகவில்லை. 'அந்தச் செடிய ஒரு தரம் பாத்துட்டுப் போறோம்' என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கம்பத்தில் இருந்துகூட இரண்டு பேர் வந்தார்கள். சுருளியாண்டி கொல்லையைச் சுற்றி இலந்தை முள்ளை வெட்டி அடைத்தான்.

"தீட்டு வீடு. தீட்டுக்காரங்க செடிகிட்டப் போனாக் கருகிப் போகும். பதினாறு கழியட்டும்," என்றான்.

பதினாறு கழிந்தால் என்ன சொல்வது என்று அவன் யோசிக்கவில்லை. பழம் பறித்த செடி என்றால் பறித்த காம்பு இருக்கும். பக்கத்தில் ஒரு பிஞ்சாவது இருக்கும். அவன் செடியில் தெய்வம் வந்து தேடினாலும் இலைதான் இருந்தது. முள்ளுக்கு உள்ளே அவனும் போகவில்லை. அண்ணன் செத்த நாளில் இருந்து, முள்ளுக்கு மேலேயே பாத்தி ஓரத்தில் குடத்தைச் சாய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான்.

எட்டாம் நாள் மலையில் இருந்து இருதயம் இறங்கி வந்தான். தோட்டக்காரன். கழுத்தில் சிலுவைக் கயிறு, கையில் தொப்பி. சாவு அவனுக்கு லேட்டாகத்தான் தெரிந்திருக்கிறது. அண்ணன் வீட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் அழுதான். ராக்கம்மாள் வெள்ளைச் சேலையில் அடுப்படி வாசலில் இருந்தாள். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை கோடு கோடாகக் கீறியிருந்தது. சுருளியாண்டி பார்த்தான். விறகு ஒடித்திருப்பாள் என்று நினைத்தான்.

"ஒவ்வொரு நடைக்கும் கேப்பாக," என்றான் இருதயம். "ஏன் இருதயம், எந் தம்பி செடி மட்டும் காய்க்க மாட்டேங்குதே, அவன் கை பட்டா வேப்பங்குச்சியும் தழைக்குமே, என்ன கொறைன்னு. நாந்தாஞ் சொன்னேன், தண்ணியக் கொறைக்கச் சொல்லுங்க, பூவச் சுண்டச் சொல்லுங்கன்னு. கேட்டுட்டுப் போயிச் சொல்லுவாக போல. இப்பக் காய்ச்சிருச்சாம்ல, பெரியவரே? செத்த நேரம் பாத்துட்டுப் போயிருதேன்."

"தீட்டு..." என்றான் சுருளியாண்டி.

"எங்களுக்குத் தீட்டு இல்லையே. வேதக்காரங்கல்ல?"

"கூட்டிட்டுப் போங்க சின்னையா. பாவம், மலையில இருந்து நடந்து வந்திருக்காக," என்றாள் மூக்கம்மாள். அவளே முன்னால் கிளம்பிவிட்டாள்.

சுருளியாண்டி பின்னால் போனான். ஒரு தோட்டக்காரன் கண்ணை ஏமாற்ற முடியாது. இவன் மலை ஏறினால் மலைக்குத் தெரியும். இறங்கினால் கம்பத்துக்குத் தெரியும். முள்ளை மெதுவாக ஒதுக்கினான். ஓர் இடத்தில் முள் ஏற்கெனவே விலகியிருந்தது.

"இந்தா, இங்கன!" என்றாள் மூக்கம்மாள். "அம்மா ஒங்க செடிக்கும் கட்டிவிட்டுச்சா சின்னையா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

நடுச் செடியில், இடுப்பு உயரக் கிளையில், ஒரு துணித் துண்டு கட்டியிருந்தது. கருநீலச் சுங்குடி. இலைகளுக்கு நடுவே ஒரு காலிப் பை மாதிரி அது தொங்கியது. அவிழ்த்துப் பழத்தை எடுத்துவிட்டு விட்டுவிட்ட துணி என்றே யாரும் சொல்வார்கள்.

இருதயம் குந்தி உட்கார்ந்தான். துணிக்குக் கீழே கிளையை விரலால் தடவினான். மேலும் கீழும் தடவினான். காம்பு இருந்த தடம் எதுவும் அங்கே இல்லை என்பது அவன் விரலுக்குத் தெரிந்திருக்கும். சுருளியாண்டியை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் கொப்புலதானா?"

"ம்."

இருதயம் ஒரு பூக்கொத்தைச் சுண்டினான். மஞ்சளாக ஏதோ பொடி பறந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"நல்ல செடி. தண்ணி மட்டும் கொஞ்சம் சாஸ்தி," என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு சுருளியாண்டி வீட்டுக்கு வந்து, இறவாரத்து ஓலைக்குள் கையை விட்டுப் பார்த்தான். அவன் செருகின துணி அங்கேயே இருந்தது. விறைத்துக் காய்ந்து, ஒரு மூலையில் கறையோடு. அதை எடுக்காமல் கையை மட்டும் எடுத்தான். அடுப்படி வாசலில் பார்த்த கீறல்கள் நினைவுக்கு வந்தன. இலந்தை முள் அப்படித்தான் கீறும்.

காய்தான் அந்த வீட்டில் இருந்து வந்தது என்றால், காய்த்த தடமும் அந்த வீட்டில் இருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அவனுக்கு ராக்கம்மாள் மேல் கோபம் வந்தது. கோபம்தானா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

சாயங்காலம் வழக்கம்போல இரண்டு குடம் இறைத்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். பகல் வெயிலில் இலை லேசாகத் துவண்டிருந்தது. சுங்குடித் துண்டு காற்றில் திரும்பித் திரும்பி ஆடியது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றான்.

"ஊத்தலையா?" என்று சுப்புத்தாய் உள்ளே இருந்து கேட்டாள்.

அவன் குடத்தை மறுபடியும் தூக்கினான். சுவரை ஒட்டி அந்தப் பக்கம் அண்ணனின் வண்டி மாடு கட்டியிருந்தது. அண்ணன் படுத்த நாளில் இருந்து நுகம் ஏறாத மாடு. அதன் முன்னால் இருந்த கல்தொட்டி காய்ந்து கிடந்தது. சுவருக்கு மேலே கையை நீட்டிக் குடத்தைச் சாய்த்தான். மாடு மூக்கை உறிஞ்சி முகர்ந்து பார்த்தது. பிறகு குடித்தது. இரண்டாவது குடத்தையும் ஊற்றினான். அது தலை தூக்காமல் குடித்துக்கொண்டிருந்தது.